‘ஹெல்ப்’ என்ற ஒரே வினையை வைத்து ஆங்கிலக் காலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தால் முதல் வாரமே பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் சார்ட் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை மனப்பாடம் செய்தவர்களே பேசும்போது ‘டிட் யூ ஹெல்ப்ட்?’ என்கிறார்கள். வடிவம் தெரியாமல் வரும் பிழை அல்ல இது. காலத்தை எந்தச் சொல்லில் காட்டுவது என்பதில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்த் திசையில் போவதால் வருவது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். ஈடி சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடும் வினைகள், அதாவது ரெகுலர் வினைகள்தான் இங்கே பேச்சு. கோ, வென்ட், ஈட், ஏட் போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் ‘ஹெல்ப் பண்ணுங்க’ என்று சொல்கிறோம் என்பதால் ஹெல்ப் என்ற வினையையே முக்கால்வாசி இடத்தில் எடுத்திருக்கிறேன்.

ஒரு ரெகுலர் வினைக்கு மொத்தம் எத்தனை வடிவம்?

நான்கு. ஹெல்ப், ஹெல்ப்ஸ், ஹெல்ப்ட், ஹெல்ப்பிங். அவ்வளவுதான்.

வி ஒன், வி டூ, வி த்ரீ என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதிப் படித்திருப்பீர்கள். ரெகுலர் வினையில் வி டூவும் வி த்ரீயும் ஒன்றுதான், இரண்டுமே ஹெல்ப்ட். ஆங்கிலத்திலேயே அதிக வடிவம் உள்ள வினை ‘பீ’. பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங் என எட்டு. அதற்கு மேல் எதுவும் இல்லை. நம் ‘உதவு’ என்ற வினையை உதவுகிறேன், உதவுகிறோம், உதவுகிறாய் என்று தொடங்கி மூன்று காலத்துக்கும் எழுதிப் பாருங்கள், முப்பதை ஒட்டி வரும். ஏவல், எச்சம், எதிர்மறையெல்லாம் அதில் சேர்த்தி இல்லை. அந்த முப்பதையும் யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டவருக்கு நான்கு வடிவம் ஒரு சுமையே இல்லை.

நான்கே வடிவம் என்றால் பன்னிரண்டு டென்ஸ் எங்கிருந்து வருகிறது?

துணைவினைகளிலிருந்து. பீ, ஹேவ், வில் இந்த மூன்றையும் முன்னால் மாற்றி மாற்றிச் சேர்ப்பதில்தான் சார்ட்டின் பெரும்பாலான கட்டங்கள் நிரம்புகின்றன.

‘உதவிக்கொண்டிருந்தேன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உதவி, கொண்டு, இருந்தேன். எப்போது நடந்தது, யார் செய்தது என்ற இரண்டு தகவலும் கடைசித் துண்டில் இருக்கின்றன. ‘இருந்தேன்’ என்பதை ‘இருக்கிறேன்’ என்று மாற்றினால் காலம் மாறிவிடும். முன்னால் உள்ள இரண்டும் அசைவதில்லை. இனி ஆங்கிலம்: ‘ஐ வாஸ் ஹெல்ப்பிங்’. இங்கே காலமும் ஆளும் இருப்பது முதல் சொல்லில். வாஸ் போய் ஆம் வந்தால் நிகழ்காலம். ஹெல்ப்பிங் அப்படியே இருக்கும். ரயிலை வைத்துச் சொன்னால் தமிழில் காலம் கடைசியில் உள்ள கார்டு பெட்டியில் வருகிறது, ஆங்கிலத்தில் எஞ்சினில்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஆங்கில வினைத்தொடரில் காலம் ஒரே ஒரு முறைதான் வரும், அதுவும் முதல் சொல்லில்தான் வரும். ‘ஷி ஹேஸ் பீன் ஹெல்ப்பிங்’ என்பதை இறந்தகாலத்துக்குத் தள்ள வேண்டுமா? ஹேஸ் என்பதை ஹேட் ஆக்கினால் போதும். பீன், ஹெல்ப்பிங் இரண்டையும் தொடக் கூடாது.

முதல் சொல்லுக்குப் பின்னால் வருபவை காலத்தைப் பார்ப்பதே இல்லை, தமக்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் பார்க்கின்றன. வில், கேன், மே, மஸ்ட் போன்றவை முன்னால் நின்றால் அடுத்தது வெறும் வினை. ஹேவ் நின்றால் அடுத்தது ஈடி வடிவம். பீ நின்றால் ஐஎன்ஜி வடிவம், செயப்பாட்டு வினை என்றால் ஈடி வடிவம். வரிசையும் மாறாது: முதலில் வில் வகை, அப்புறம் ஹேவ், அப்புறம் பீ, கடைசியில் நம் வினை. ‘ஷி மே ஹேவ் பீன் ஹெல்ப்பிங்’ என்ற நீளமான தொடரை இந்தக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். மே இருப்பதால் ஹேவ், ஹேஸ் அல்ல. ஹேவ் இருப்பதால் பீன். பீன் இருப்பதால் ஹெல்ப்பிங். ‘அவள் உதவிக்கொண்டிருந்திருக்கலாம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதைத்தான் அவர்கள் நான்காக உடைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். சொல்லின் வடிவமே மாறிக் காட்டும் காலங்கள் ஆங்கிலத்தில் இரண்டுதான்: நிகழ்காலம், இறந்தகாலம். அதனால்தான் மொழியியலாளர்கள் பலர் ஆங்கிலத்தில் இரண்டே டென்ஸ் என்பார்கள். பன்னிரண்டு என்பது பாடம் நடத்தும் வசதிக்குப் போட்ட கணக்கு. தேர்வில் மட்டும் பன்னிரண்டு என்றே எழுதுங்கள்.

‘டிட் யூ ஹெல்ப்ட்?’ ஏன் தவறு? நடந்து முடிந்த விஷயம்தானே?

நடந்து முடிந்த விஷயம்தான். ஆனால் அதை டிட் சொல்லிவிட்டது. காலம் ஒருமுறைதான், முதல் சொல்லில்தான் என்ற விதிப்படி ஹெல்ப் வெறுமனே நிற்க வேண்டும். ‘டிட் யூ ஹெல்ப்?’, ‘ஐ டிட் நாட் ஹெல்ப்’.

தமிழில் ‘உதவினாயா?’ என்று வினையிலேயே காலத்தைக் காட்டிக் கேட்கிறோம், அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கூடவே வருகிறது. எதிர்மறையில் மட்டும் தமிழ் நமக்கு உதவுகிறது. ‘உதவவில்லை’ என்பதில் ‘உதவ’ எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை. ‘அவன் வரவில்லை’ என்றால் நேற்று வரவில்லையா, இப்போது வரவில்லையா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். ‘டிட் நாட் ஹெல்ப்’ என்பதில் வரும் ஹெல்ப் இந்த ‘உதவ’ மாதிரி. டிட் வந்ததும் மனதுக்குள் ‘உதவ’ என்று நினைத்துக்கொண்டால் ஈடி தானாக நின்றுவிடும்.

டஸ் வந்தாலும் இதே கதைதான். ‘ஷி ஹெல்ப்ஸ்’, ஆனால் ‘டஸ் ஷி ஹெல்ப்?’. வினையிலிருந்த எஸ் டஸ்ஸுக்குப் போய்விட்டது.

ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் எஸ் ஏன்?

மிச்சம் மீதி. பழைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விகுதி இருந்தது, கிட்டத்தட்ட நம்முடைய ஏன், ஆய், ஆன் மாதிரி. ‘தௌ’ என்று நீ-போட்டுப் பேசும்போது ஹெல்ப்பெஸ்ட். ஹி, ஷி வந்தால் ஹெல்ப்பெத். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் ஹெல்ப்பெத் என்றேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் மட்டும் எத்துக்குப் பதிலாக எஸ் வழங்கியது. அது மெல்லத் தெற்கே இறங்கி, எத்தைத் துரத்திவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டும் கலந்தே புழங்கின. மற்ற விகுதிகள் எல்லாம் உதிர்ந்து போக, இந்த எஸ் மட்டும் தங்கிவிட்டது.

விகுதிகள் உதிர்ந்ததற்கு ஆங்கிலம் கொடுக்கும் விலை, எழுவாயை விட முடியாது என்பது. ‘உதவினேன்’ என்றால் போதும், ‘நான்’ தேவையில்லை. ‘ஹெல்ப்ட்’ என்று மட்டும் சொன்னால் யார் என்று கேள்வி வரும்.

கேன், வில், மஸ்ட் இவற்றுக்குப் பின்னால் எஸ் வரவே வராது. ‘ஹி கேன் ஹெல்ப்’. காரணம் மேலே சொன்ன அதே விதி.

ஈடி என்பதை எப்படி உச்சரிப்பது? ‘ஹெல்ப்படு’ என்றால் சிரிக்கிறார்களே.

ஈடிக்கு மூன்று ஒலி உண்டு. எது வரும் என்பதை வினையின் கடைசி ஒலி தீர்மானிக்கிறது. எழுத்து அல்ல, ஒலி.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஹெல்ப் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ப்’ வரும்போது தொண்டையில் அதிர்வு இருக்காது. அப்படி அதிராத ஒலிக்குப் பின்னால் ஈடி வல்லின ‘ட்’ ஆகிறது, ‘பாட்டு’ என்பதில் வருகிற மாதிரி. ஹெல்ப்ட், குக்ட், வாஷ்ட், லாஃப்ட். இனி ஓப்பன் என்று சொல்லுங்கள், ‘ன்’ வரும்போது அதிரும். அதற்குப் பின்னால் ஈடி மெல்லிய ‘ட்’, ‘வண்டி’ என்பதில் வருகிற மாதிரி. ஓப்பன்ட், கால்ட், க்ளீன்ட். உயிரொலியில் முடியும் வினைகளும் இந்தக் கூட்டத்தில்தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து விழுகிறது. காதால்தான் பிரிக்க வேண்டும். மூன்றாவது, வினையே ட் ஒலியில் முடிந்தால் (வல்லினமோ மெல்லியதோ) ஈடி ஒரு தனி அசையாக ‘இட்’ என்று வரும். வெயிட்டிட், வான்டிட், நீடிட். இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும்தான் கூடுதல் அசை உண்டு. ஹெல்ப்ட் என்பது ஒரே அசை.

நாம் ஏன் ‘ஹெல்ப்படு’, ‘ஆஸ்குடு’ என்கிறோம்? தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. நாடு, காற்று, பாட்டு என்று ஒரு உகரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். லைட்டும் கேட்டும் நம்மிடம் வந்து லைட்டு, கேட்டு ஆனதும் இதனால்தான். இரண்டு வல்லினம் அடுத்தடுத்து வந்து சொல் முடிந்தால் நாக்கு நிற்க இடம் தேடுகிறது. எனவே ஈடியைத் தனியாகச் சொல்லிப் பழகாதீர்கள். உயிரில் தொடங்கும் சொல் ஒன்றை அடுத்துப் போட்டுச் சொல்லுங்கள். ‘ஹெல்ப்ட் அஸ்’ என்பது ‘ஹெல்ப்டஸ்’ ஆகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாவது நமக்குப் பழகிய புணர்ச்சிதானே. ‘வாக்ட் இன்’, ‘ஆஸ்க்ட் ஆல்’, ‘வாஷ்ட் இட்’ என்று கொஞ்ச நாள் சொன்னால், பின்னால் உயிர் இல்லாவிட்டாலும் நாக்கு சரியாக நிற்கும்.

விக்கிட், நேக்கிட் இரண்டிலும் ட் ஒலிக்குப் பின்னால் வராமலேயே ‘இட்’ கேட்கிறதே என்றால், அவை பழைய உச்சரிப்பின் எச்சம். ஒரு காலத்தில் எல்லா ஈடியும் தனி அசையாகத்தான் ஒலித்தது. அந்த அசையை மக்கள் விழுங்குவது பிடிக்காமல் எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்ட் 1712இல் அச்சிலேயே புலம்பியிருக்கிறார். அவர் கண்டித்த உச்சரிப்பைத்தான் இன்று நாம் காசு கொடுத்துக் கற்கிறோம்.

ஸ்டாப் என்பதில் பி இரட்டிக்கிறது, விசிட் என்பதில் டி ஏன் இரட்டிப்பதில்லை?

அழுத்தம் விழும் இடத்தைப் பாருங்கள். ஒற்றை உயிரெழுத்து, அடுத்து ஒற்றை மெய்யெழுத்து என்று முடியும் வினையில் கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால்தான் இரட்டிக்கும். ஸ்டாப் ஒரே அசை, எனவே இரட்டிக்கும். விசிட் சொல்லும்போது அழுத்தம் ‘வி’யில், எனவே ஒற்றை டி. அட்மிட் என்பதில் அழுத்தம் ‘மிட்’டில், எனவே இரட்டை டி. ட்ராவல் மட்டும் சண்டைக்காரன். அழுத்தம் முன்னால் இருந்தும் பிரிட்டனில் எல் இரட்டிக்கும், இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் அதையே எழுதுகிறோம். அமெரிக்காவில் ஒற்றை எல். கணினியில் சிவப்புக் கோடு விழுந்தால் அதன் மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒய்-க்கு முன்னால் மெய் இருந்தால் அது ஐ ஆகும் (ஸ்டடி), உயிர் இருந்தால் ஆகாது (ப்ளே). பே, லே, சே மூன்றும் இதற்கு அடங்காதவை.

‘ஐ ஹெல்ப்’, ‘ஐ ஆம் ஹெல்ப்பிங்’ என்ன வித்தியாசம்? இரண்டுமே ‘உதவுகிறேன்’தானே?

அங்கேதான் சிக்கல். தமிழின் ‘உதவுகிறேன்’ இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்வதற்கு ஹெல்ப், இப்போது கைவசம் நடப்பதற்கு ஆம் ஹெல்ப்பிங்.

பிரித்தறிய ஒரு குறுக்கு வழி உண்டு. வழக்கத்தைச் சொல்லத் தமிழில் பெரும்பாலும் எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம். ‘அப்பா காலையில் நடப்பார்’, ‘பாட்டி டீயில் சர்க்கரை போடமாட்டார்’. இதில் எதிர்காலம் எதுவும் இல்லை, தினப்படி நடப்பது. உங்கள் வாக்கியத்தை ‘உதவுவார்’ என்று மாற்றியும் பொருள் கெடவில்லை என்றால் ஹெல்ப்ஸ். ‘உதவிக்கொண்டிருக்கிறார்’ என்று மாற்ற முடிந்தால் இஸ் ஹெல்ப்பிங்.

பள்ளியில் எழுதிய லீவ் லெட்டர் ஞாபகம் இருக்கிறதா? ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்... ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மி லீவ்’. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தாலும் இலக்கணத்தில் குறையில்லாத கடிதம். காய்ச்சல் இப்போது அடிக்கிறது, எனவே ஆம் சஃபரிங். வேண்டுவது சொன்ன கணத்திலேயே முடிந்துவிடும் செயல், எனவே வெறும் ரிக்வெஸ்ட். டு வந்ததால் கிராண்ட் வெறும் வினை. (காய்ச்சல் உண்மையா என்பது வேறு விஷயம்.)

அப்புறம், ‘ஐ ஆம் வான்டிங்’, ‘ஐ ஆம் பிலீவிங்’, ‘ஐ ஆம் நோயிங்’ இவற்றைத் தவிர்க்க வேண்டும். மனநிலை, உடைமை, விருப்பம் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக ஐஎன்ஜி கிடையாது. தமிழிலும் இவற்றில் பல ‘கிறு’ ஏற்காமல் வருவதைக் கவனியுங்கள். எனக்கு அவரைத் தெரியும், எனக்குப் பணம் வேண்டும், அவளுக்கு இது பிடிக்கும். ‘உம்’மில் முடியும் இந்த மாதிரி வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஐஎன்ஜியை எடுக்காதீர்கள். எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்றாலும் அன்றாடப் பேச்சில் கைகொடுக்கும்.

ஹெல்ப்ட், ஹேவ் ஹெல்ப்ட், ஹேட் ஹெல்ப்ட் எதை எப்போது?

எப்போது நடந்தது என்று நாள், நேரம் சொன்னால் வெறும் ஹெல்ப்ட். ‘ஐ ஹெல்ப்ட் ஹிம் யெஸ்டர்டே’. நேரம் முக்கியமில்லை, அதன் பலன் இப்போது இருக்கிறது என்றால் ஹேவ் ஹெல்ப்ட். செல்போனில் கேட்கும் ‘தி நம்பர் யூ ஹேவ் டயல்ட் இஸ் கரன்ட்லி ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்ற குரலைக் கவனியுங்கள். எத்தனை மணிக்கு டயல் செய்தீர்கள் என்பதில் அந்தக் குரலுக்கு அக்கறை இல்லை. டயல் செய்திருக்கிறீர்கள், அதன் பலனாக இப்போது காதில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், எனவே ஹேவ் டயல்ட்.

ஹேட் ஹெல்ப்ட் என்பதைத்தான் நாம் தாராளமாகச் செலவு செய்கிறோம். ‘நேற்று உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தேன்’ என்று தமிழில் சொல்வது இயல்பு. அதை அப்படியே ‘ஐ ஹேட் விசிட்டிட் யுவர் ஆஃபீஸ் யெஸ்டர்டே’ என்று மின்னஞ்சலில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஹேட் வந்தால், கடந்துபோன இன்னொரு சம்பவத்துக்கு முன்பே இது முடிந்துவிட்டது என்று பொருள். படிப்பவர் அந்த இன்னொரு சம்பவம் எங்கே என்று தேடுவார். இரண்டு சம்பவம் இருந்தால் மட்டும் ஹேட்: ‘நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கடையை மூடிவிட்டார்’ என்பதில் மூடியது முந்தி, எனவே ‘ஹி ஹேட் க்ளோஸ்ட் தி ஷாப்’. ஒரே சம்பவம் என்றால் ‘ஐ விசிட்டிட்’ போதும்.

இன்னொரு வாக்கியம், நேர்காணல் அறையில் தவறாமல் வருவது. ‘மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது. ஆங்கிலம் அதை ஹேவ் போட்டுத்தான் சொல்லும். ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பதில் இரண்டு இடம் பிசகு. ஆம் தவறு, சின்ஸும் தவறு. சின்ஸ் தொடங்கிய நாளுக்கு, ஃபார் கழிந்த காலத்துக்கு.

எதிர்காலத்துக்கு வில், கோயிங் டு இரண்டில் எது?

தமிழில் ‘பெய்யும்’, ‘பெய்யப் போகிறது’ இரண்டையும் எங்கே சொல்வீர்களோ, கிட்டத்தட்ட அதேதான். மேகம் கறுத்திருப்பதைப் பார்த்து ‘மழை பெய்யப் போகிறது’ என்போம், அங்கே கோயிங் டு. பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்து ‘நான் ஹெல்ப் பண்றேன்’ என்று எழுந்தால் ‘ஐ வில் ஹெல்ப்’. தமிழில் நிகழ்காலம் வந்தாலும் அங்கே ‘ஐ ஹெல்ப்’ சரிவராது. ஷால் இப்போது பெரும்பாலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும் ‘ஷால் வி?’ என்று கேட்பதிலும்தான் தென்படுகிறது.

மூட் என்கிறார்களே, அது டென்ஸிலிருந்து எப்படி வேறு?

டென்ஸ் ‘எப்போது’ என்று சொல்கிறது. மூட் என்பது சொல்பவர் அதை நடந்த செய்தியாகச் சொல்கிறாரா, கட்டளையாகவா, விருப்பமாகவா என்று காட்டுவது. தமிழில் ஏவல், வியங்கோள் என்று படித்தது இந்த வகைதான்.

செய்தி சொல்வது இதுவரை பார்த்ததெல்லாம். கட்டளைக்கு வெறும் ஹெல்ப், வேண்டாம் என்றால் டோன்ட் ஹெல்ப். இதில் நீ, நீங்கள் வேறுபாடு இல்லை. மேலாளரிடமும் ‘ஹெல்ப் மி’, தம்பியிடமும் ‘ஹெல்ப் மி’. நமக்கு ‘ங்கள்’ செய்யும் மரியாதையை அவர்கள் ‘குட் யூ’, ‘வுட் யூ’ என்ற கேள்வி வடிவத்தில் வைத்திருக்கிறார்கள். வெறும் ப்ளீஸ் சில இடங்களில் போதாது.

வியங்கோளுக்குச் சரியான இணை ‘காட் சேவ் தி கிங்’, ‘காட் ப்ளெஸ் யூ’ போன்றவை. கடவுள் ஒருமை, படர்க்கை. விதிப்படி சேவ்ஸ், ப்ளெஸஸ் என்று எஸ் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் ‘காக்கிறார்’ என்ற செய்தி இல்லை இது, ‘காக்க’ என்ற வேண்டுதல். இதே எஸ் இல்லாத வடிவம் ஆலோசனை, கோரிக்கை சொல்லும் வினைகளுக்குப் பின்னும் வரும். ‘ஐ சஜெஸ்ட் தட் ஹி ஹெல்ப்’. அமெரிக்கர்கள் இதை அதிகம் எழுதுவார்கள். பிரிட்டனில் ‘ஹி ஷுட் ஹெல்ப்’ என்று போடுவதும் சகஜம். அலுவலகக் கடிதத்தில் யாராவது எஸ் விட்டு எழுதியிருந்தால் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.

‘இஃப் ஹி ஹெல்ப்ட்’ என்றால் இறந்தகாலமா?

இல்லை. நடக்க வாய்ப்புக் குறைவு என்று காட்ட இறந்தகால வடிவத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வினோதமாகத் தோன்றினால் ‘உதவினால்’ என்ற சொல்லைப் பள்ளியில் செய்தபடி பிரித்துப் பாருங்கள்: உதவு, இன், ஆல். ‘உதவினான்’ என்பதில் இறந்தகாலம் காட்டும் அதே ‘இன்’ இடைநிலை. ‘செய்தால்’ என்பதிலும் அதே ‘த்’. நாளைக்கு நடக்கப் போவதை நாமும் இறந்தகால இடைநிலை வைத்துத்தான் பேசுகிறோம்.

ஒரே வேறுபாடு, தமிழின் ‘உதவினால்’ எல்லா நிலைக்கும் பொதுவானது, ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. உதவக்கூடும் என்றால் ‘இஃப் ஹி ஹெல்ப்ஸ், ஐ வில் ஃபினிஷ்’. எங்கே உதவப் போகிறான் என்ற தொனியில் ‘இஃப் ஹி ஹெல்ப்ட், ஐ வுட் ஃபினிஷ்’. இரண்டிலும் இஃப் இருக்கும் பக்கத்தில் வில் வராது, வுட் வராது.

கைநழுவிப் போனதைச் சொல்லும்போது இரண்டு மொழியும் அச்சாக ஒத்துப்போகின்றன. ‘உதவியிருந்தால் முடித்திருப்பேன்’, ‘இஃப் ஹி ஹேட் ஹெல்ப்ட், ஐ வுட் ஹேவ் ஃபினிஷ்ட்’. இருந்தால் வரும் இடத்தில் ஹேட், இருப்பேன் வரும் இடத்தில் வுட் ஹேவ்.

லேர்ன், பர்ன், ஸ்பெல் இவற்றுக்கு ஈடியா (ed), வெறும் டியா (t)?

இரண்டும் சரி. வெறும் டி பிரிட்டிஷ் பழக்கம், அமெரிக்கர்கள் ஈடி. ஒரு கட்டுரையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசி வரை அதையே எழுதுங்கள்.

ரெகுலர் வினை எப்போதும் ரெகுலராகவே இருந்ததா?

ஹெல்ப்பே இல்லை! முன்பு அதன் ஈடி வடிவம் ஹோல்பன். மேலே சொன்ன 1611 பைபிளில் லூக்கா முதல் அதிகாரத்தில் ‘ஹி ஹாத் ஹோல்பன் ஹிஸ் சர்வன்ட் இஸ்ரேல்’ என்று இருக்கிறது. வொர்க்கின் பழைய இறந்தகாலம் ராட். வேதியியலில் தேனிரும்பு என்று படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயரில் அந்த ராட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2007இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 145 மட்டும் அப்படியே இருந்தன. இன்று 98. மற்றவை ஈடி பக்கம் வந்துவிட்டன. குறைவாகப் புழங்கும் வினைதான் சீக்கிரம் மாறுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. தினமும் வாயில் வரும் வென்ட், கேம் போன்றவற்றை யாரும் மறப்பதில்லை, அதனால் அவை தப்பித்துக்கொண்டன. புதிதாகப் பிறக்கும் வினை ஏறக்குறைய எப்போதும் ஈடி கட்சிதான். கூகுள் என்பது வினையாக 2006இல் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது, இறந்தகாலம் கூகுள்ட். நாம் ‘கூகுள் பண்ணினேன்’ என்று பண்ணுவின் தலையில் காலத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

ஆங்கிலக் குழந்தைகளும் இந்த விதியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஜீன் பெர்கோ என்பவர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், ‘ரிக்’ என்ற இல்லாத வினையைச் சொல்லி, ‘இந்த ஆள் நேற்றும் இதையே செய்தார். நேற்று அவர்...’ என்று நிறுத்தினார். பெரும்பாலான பிள்ளைகள் ‘ரிக்ட்’ என்று முடித்தார்கள். ‘மாட்’ என்று ட் ஒலியில் முடியும் வினையைக் கொடுத்தபோதுதான் பலர் தடுமாறினார்கள். ‘மாட்டிட்’ என்று கூடுதல் அசை போடுவது அவர்களுக்கும் பின்னால்தான் வருகிறது.

இதை எப்படிப் பழகுவது?

சார்ட்டை ஒப்பிப்பதைவிட, ஒரே வாக்கியத்தை எடுத்து முதல் சொல்லை மட்டும் மாற்றிப் பழகுவது மேல். ஷி இஸ் ஹெல்ப்பிங், ஷி வாஸ் ஹெல்ப்பிங், இஸ் ஷி ஹெல்ப்பிங், வாஸ் ஷி ஹெல்ப்பிங், ஷி இஸ் நாட் ஹெல்ப்பிங். கேள்விக்கு முதல் சொல் எழுவாயைத் தாண்டிக் குதிக்கும், நாட் முதல் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். இது எல்லாக் கட்டத்துக்கும் பொது. முதல் சொல்லே இல்லாமல் வினை தனியாக நிற்கும் ஹெல்ப், ஹெல்ப்ஸ், ஹெல்ப்ட் மூன்றுக்கும்தான் டூ, டஸ், டிட் என்று ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கீழே உள்ளவற்றைப் பதிலை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

அக்கா தினமும் அம்மாவுக்கு உதவுவாள். – அக்காவுக்குப் பதில் ஷி போட்டால், ஷி ஹெல்ப்ஸ்.
அவள் நேற்று உதவவில்லை. – ஷி டிட் நாட் ஹெல்ப்.
நீ வந்தபோது அவள் உதவிக்கொண்டிருந்தாள். – ஷி வாஸ் ஹெல்ப்பிங்.
அவள் இரண்டு மணி நேரமாக உதவுகிறாள். – ஷி ஹேஸ் பீன் ஹெல்ப்பிங். இஸ் ஹெல்ப்பிங் என்று வந்திருந்தால் ஹேவ் பற்றிய கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.
கேட்டிருந்தால் அவள் உதவியிருப்பாள். – ஷி வுட் ஹேவ் ஹெல்ப்ட்.